பவளத்துக்குச் சுண்ணாம்பு

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பது நம்மவர்களுக்குப் புதிதன்று. பொன்மீன் நான்கும் நீர்ச்செடி இரண்டும் போட்டுவிட்டால் குழந்தைகளுக்கு ஒரு வேடிக்கை. விருந்தாளிகளுக்கு ஒரு பேச்சு. ஆனால் ஆசை ஓரிடத்தில் நிற்பதில்லை அல்லவா? ஆற்று மீன் அலுத்ததும் கடல் மீன் வேண்டியிருக்கிறது. கடல் மீன் வந்ததும் அதன் பின்னால் உயிருள்ள பவளமும் வேண்டியிருக்கிறது. பவளம் வந்த மறுநாள் கடைக்காரர் வரிசையாக எடுத்து வைக்கும் புட்டிகளைப் பார்த்தால், இது மீன் தொட்டிக்கா அல்லது பிரசவ வீட்டுக்கா என்ற சந்தேகம் எழுகிறது. கால்ஷியம் ஒரு புட்டி, அயோடின் ஒரு புட்டி, ஸ்ட்ரான்ஷியம் ஒரு புட்டி, வைட்டமின் ஒரு புட்டி, இன்னதென்று பெயர் சொல்லாத 'சத்து' இரண்டு புட்டி.

சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் பாளையங்கோட்டை அன்பர் ஒருவர் இந்தப் புட்டிகளைப் பற்றி நம்மை விசாரித்திருக்கிறார். "வீட்டுச் செலவு போக மாதம் ஒரு சிறு தொகைதான் மிஞ்சுகிறது. இவற்றுள் எதை வாங்குவது, எதை விடுவது?" என்பது அவர் கேள்வி. பள்ளிக்கூடத்தில் இரசாயனம் கற்பிக்கிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு தொட்டியைப் பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும், அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லப் புகுந்தால் தூத்துக்குடிக் கடல் வரையில் போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

முதலில் பவளம் எதனால் ஆனது என்பதைத் தெரிந்து கொள்வோம். முத்து, சங்கு, பவளப் பாறை ஆகிய மூன்றும் ஒரே பொருளின் மூன்று வடிவங்கள். கொற்கைத் துறையின் புகழுக்குக் காரணமான முத்தும், தூத்துக்குடியில் மூழ்கி எடுக்கும் சங்கும், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி வளர்ந்திருக்கும் பவளப் பாறையும் கால்ஷியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புக் கல்லே. பவளப் பூச்சி என்பது மெல்லிய உடல் கொண்ட ஒரு சிறு பிராணி. அது கடல் நீரில் கரைந்திருக்கும் கால்ஷியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் காலடியில் கல்லாகப் படிய வைத்து, அந்தக் கல்லின் மேலேயே குடியிருக்கிறது. கொத்தனாரும் குடியிருப்பவரும் ஒருவரே. ஆகையால் பவளத்துக்கு இன்றியமையாத சத்து எது என்று கேட்டால், ஒரே வார்த்தையில் 'சுண்ணாம்பு' என்று சொல்லிவிடலாம்.

இதே சுண்ணாம்புக்காகத்தான் நம் ஜில்லாவின் கடற்கரையில் பவளப் பாறை பல்லாண்டுகள் வெட்டப்பட்டது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையில் வரிசையாக அமைந்த 21 தீவுகளைச் சுற்றியிருந்த பாறையைப் பெயர்த்துப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். சூளையில் நீற்றிச் சுண்ணாம்பாக்கினார்கள். வீடு கட்டக் கல்லாக அடுக்கினார்கள். கால்ஷியம் கார்பைடு செய்யும் தொழிலுக்கும் அனுப்பினார்கள். அலையைத் தடுத்து நின்ற மதில் போன பின் தீவுகள் கரையத் தொடங்கின. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. 1986-இல் அத்தீவுகளும் சுற்றுக்கடலும் தேசியப் பூங்காவாயின. 1989-இல் அப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001-இல் பாறை கட்டும் பவள இனங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அன்று முதல் பவளத்துக்கும் உண்டு. 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலை, பாறையின் அருமையைச் சட்டத்தைவிடத் தெளிவாக எடுத்துச் சொல்லிற்று. அதன் பின்னரே வெட்டுதல் ஓய்ந்தது.

இந்தக் கதையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. திருநெல்வேலியிலோ மதுரையிலோ இருந்து கொண்டு உயிருள்ள கற்பவளத்தைக் கடலிலிருந்து எடுத்து வந்து கூடத்தில் வைப்பது, புலிக்குட்டியைக் கொல்லையில் கட்டி வைப்பதற்குச் சமமான குற்றம். கடற்குதிரைக்கும் கடல் விசிறிக்கும் இதே சட்டம்தான். ஆகவே உள்நாட்டு நேயர்களுக்கு நம் ஆலோசனை மிகச் சுருக்கமானது. கடல் மீனும் வெறும் கல்லும் உள்ள தொட்டிக்கு மேற்சொன்ன புட்டிகளில் ஒன்றுகூட வேண்டாம். மீன் சுண்ணாம்பைக் கொண்டு வீடு கட்டுவதில்லை. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். மீனையும் கடலில் வலை வீசிப் பிடித்ததாக வாங்காமல், பண்ணையில் பொரித்ததாகக் கேட்டு வாங்குவது நலம். கோமாளி மீனைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்விக்கும் முறையை நமது மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கண்டு, பிறருக்கும் கற்பித்திருக்கிறார்கள்.

சட்டப்படி பண்ணையில் வளர்த்த பவளத் துண்டுகள் விற்கப்படும் தேசங்களில் வசிக்கும் அன்பர்களுக்கே இனி வரும் கணக்கு. உள்ளூரில் இருப்பவர்களும் படிக்கலாம். பவளத்துக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் நம் கடலைக் காப்பது எங்ஙனம்?

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு. அவற்றுள் கால்ஷியம் 410 மில்லிகிராம் அளவிலும், மக்னீஷியம் 1,290 மில்லிகிராம் அளவிலும் இருக்கின்றன. கார்பனேட்டுச் சேமிப்பைக் காரத்தன்மை என்பார்கள். ஜெர்மானிய அளவையில் அது சுமார் 7 டிகிரி. சிலர் சிக்கனம் கருதிச் சமையலுப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்யப் பார்ப்பதுண்டு. இது ஏன் பலிக்காது என்பதைத் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய்ப் பார்த்தால் அறியலாம். பாத்தியில் நீர் வற்ற வற்ற முதலில் ஜிப்சமாகக் கால்ஷியம் படிந்துவிடுகிறது. அடுத்து நாம் சோற்றில் போடும் உப்பு விளைகிறது. மிச்சமுள்ள கசப்பு நீரில்தான் மக்னீஷியம் தங்குகிறது. அதாவது, பவளத்துக்கு வேண்டிய இரண்டையும் முன்னும் பின்னும் கழித்து, நடுவில் உள்ளதை மட்டும் நாம் மூட்டை கட்டுகிறோம். மீன் தொட்டிக்கென்றே கலந்து விற்கும் கடலுப்பை வாங்குவதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

அந்த உப்பிலேயே மூன்று சத்துகளும் இருக்கின்றன. பவளம் வளர வளர அவை குறைகின்றன. குறைந்ததை ஈடு செய்வதே நம் வேலை. ஈடு செய்ய வேண்டியவை மூன்றே மூன்று. மூன்றுக்கும் மலிவான வழி உண்டு.

முதலாவது சுண்ணாம்புத் தெளிநீர். ஜெர்மனியைச் சேர்ந்த பீட்டர் வில்கென்ஸ் என்பவர் 1970-களில் பரப்பிய முறை இது. அவர்கள் 'கால்க்வாசர்' என்று பெயரிட்டு வழங்குவதைச் சுவருக்கு வெள்ளையடிக்கும் எந்த வீட்டாரும் அறிவர். ஒரு லிட்டர் சுத்த நீரில் ஒன்றரை கிராம் நீற்றுச் சுண்ணாம்பைக் கலந்து, மூடி வைத்து, தெளிந்த பின் மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். அடிவண்டலில் அழுக்கும் உலோகமும் தங்குமாதலால் அதைக் கலக்கிவிடக் கூடாது. திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மேலே ஏடு படர்ந்து வீணாகும். இத்தெளிநீரின் சிறப்பு என்னவெனில், பவளம் எந்த விகிதத்தில் கால்ஷியத்தையும் காரத்தையும் உண்கிறதோ அதே விகிதத்தில் இரண்டும் இதில் அமைந்திருக்கின்றன. நூறு லிட்டர்த் தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் நீர் ஆவியாகிறதென்று வைத்துக் கொள்வோம். அந்த ஒரு லிட்டருக்குப் பதிலாகத் தெளிநீர் விட்டால் கால்ஷியம் லிட்டருக்கு 8 மில்லிகிராமும், காரத்தன்மை ஏறத்தாழ 1 டிகிரியும் கூடும். பவளம் சிலவே உள்ள தொட்டிக்கு இது தாராளம்.

ஆனால் தெளிநீர் கடுங்காரம் உடையது. ஒரேயடியாக ஊற்றினால் தொட்டியில் உள்ளவை மடியும். கண்ணில் தெறித்தால் நமக்கும் ஆபத்து. சிவன் கோவிலில் லிங்கத்தின் மேல் தொங்கும் தாராபாத்திரத்தை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அதைப் போலச் சொட்டுச் சொட்டாக, இராக்காலத்தில் விட வேண்டும். இரவில் தொட்டி நீரில் கரியமில வாயு கூடிப் புளிப்பு ஏறும். அப்போது விடும் காரம் அதைச் சரிக்கட்டும். பாத்திரம் மட்டும் கோவிலில் உள்ளது போலச் செம்பினாலானதாக இருக்க வேண்டாம். காரணம் பின்னால் வரும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பும் வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறதென்று கடைக்காரருக்கே தெரியாது. உணவுக்கு ஏற்றதென்று குறிப்பிட்டு விற்கும் தூய சுண்ணாம்புத் தூளே தக்கது.

இரண்டாவது ஆப்பச் சோடா. பவளம் பெருகிய பின் தெளிநீர் மட்டும் போதாமற்போனால், காரத்தன்மையைத் தனியே கூட்ட இதைப் பயன்படுத்தலாம். நூறு லிட்டர் நீரில் 1 டிகிரி உயர்த்த 3 கிராம் போதும். இதனோடு புளிப்பும் மாவும் சேர்த்து விற்கும் ரொட்டித் தூளை மாற்றி வாங்கிவிடக் கூடாது. காரம் கூடிக் கால்ஷியம் குறைந்தால் கால்ஷியம் குளோரைடு உதவும். நூறு லிட்டரில் கால்ஷியத்தை 20 மில்லிகிராம் உயர்த்த, படிகநீர் சேர்ந்த அவ்வுப்பு 7 கிராம் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே வேளையில், ஒரே இடத்தில் ஊற்றக் கூடாது. ஊற்றினால் இரண்டும் சந்தித்து வெண்பொடியாகப் படிந்துவிடும். பவளத்தின் வாய்க்கு எட்டாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்துக் கொள்வது நல்லது. அமெரிக்க இரசாயன சாஸ்திரியான ராண்டி ஹோம்ஸ்-பார்லி இந்த எளிய சரக்குகளைக் கொண்டே வீட்டில் கலந்து கொள்ளும் அளவுகளை வகுத்துப் பகிரங்கமாக வெளியிட்டார். புட்டிக்காரர்கள் பலர் விற்பதும் பெரும்பாலும் இதே சரக்குதான்; நீரும் சீட்டும் விலையும்தான் கூடுதல்.

மூன்றாவது மக்னீஷியம். கடல்நீரில் கால்ஷியமும் கார்பனேட்டும் கரையத்தக்க அளவுக்கு மேலேயே இருக்கின்றன. அவை தாமாகவே கல்லாகிப் படிந்துவிடாமல் தடுத்து நிறுத்துவது மக்னீஷியம். அது குறைந்தால் எவ்வளவு சுண்ணாம்பு ஊற்றினாலும் குழாயிலும் இயந்திரத்திலும் உப்பேறுமேயன்றிப் பவளத்துக்குச் சேராது. மருந்துக் கடையில் பேதி உப்பு என்று கேட்டால் கிடைப்பது மக்னீஷியம் சல்பேட்டே. நூறு லிட்டரில் மக்னீஷியத்தை 50 மில்லிகிராம் உயர்த்த அது சுமார் 50 கிராம் வேண்டும். இது மெதுவாகவே குறையுமாதலால் மாதம் ஒருமுறை கவனித்தால் போதும்.

இம்மூன்றையும் சொல்லிவிட்டோம். ஆயினும் இவற்றுக்கு முன்னதாக வாங்க வேண்டியது ஒன்று உண்டு. அளக்கும் கருவியைச் சொல்கிறோம். காரத்தன்மையை அளக்க ஒரு சோதனைச் சரக்கு முதலில்; கால்ஷியத்துக்கு அடுத்து; மக்னீஷியத்துக்குப் பிறகு. உப்பின் அளவைக் காட்டும் கருவி இவை எல்லாவற்றுக்கும் முன்பே இருக்க வேண்டும். அளக்காத எதையும் ஊற்றாதே என்பதே தொட்டிக்காரருக்கு மூல மந்திரம். வைத்தியர் நாடி பார்த்து மருந்து கொடுக்கிறார். மருந்து கொடுத்துவிட்டு நாடி பார்க்கிறவரிடம் யாரும் போவதில்லை.

இந்த மந்திரத்தை வைத்துப் பார்த்தால் அயோடின், ஸ்ட்ரான்ஷியம், வைட்டமின் முதலிய மற்றப் புட்டிகளின் கதை தெளிவாகிவிடும். அவற்றை வீட்டில் சரியாக அளக்க வழியில்லை, மிகுந்தால் விஷம். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றும்போது, புதிய உப்பில் உள்ள நுண்சத்துகள் தாமே வந்து சேர்கின்றன. நீர் மாற்றுவதே மலிவான சத்து. கெட்டதை வெளியேற்றி நல்லதை உள்ளே விடும் வேலையை எந்தப் புட்டியும் செய்வதில்லை. ஜாவாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிர் ஒட்டிய பாறையும் சூரிய வெளிச்சமும் காற்றுக் குமிழியும் கொண்டே பவளம் வளர்த்த விதத்தை 1961-இல் எழுதிக் காட்டினார். அவர் கையில் புட்டி ஏதும் இருந்ததில்லை.

பணம் மிஞ்சினால் அதைச் செலவிட வேண்டிய இடம் தண்ணீர்தான். குழாய் நீரை அப்படியே ஊற்றாமல், வடித்துச் சுத்தம் செய்த நீரையே பயன்படுத்த வேண்டும். ஆற்றின் பெயரில் தாமிரம் இருப்பது அழகு. தொட்டியில் தாமிரம் இருப்பது ஆபத்து. பவளம், இறால், நத்தை போன்ற முதுகெலும்பில்லாத பிராணிகளுக்குச் செம்பு சொற்ப அளவிலேயே நஞ்சு. செம்புக் குடத்து நீரும், தாமிரம் சேர்ந்த மீன் மருந்தும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. அடுத்தது பாஸ்பேட்டு. மீனுக்கு அள்ளிப் போடும் இரையில் தின்றது போக மிஞ்சியது அழுகிப் பாஸ்பேட்டாகிறது. அது பாசியை வளர்க்கும். சுண்ணாம்பு கல்லாகப் படிவதையும் தடுக்கும். ஒரு கையால் கால்ஷியம் ஊற்றிக் கொண்டு மறுகையால் இரையைக் கொட்டுகிறவர், அளவற்ற செலவில் ஒன்றுமே செய்யாதிருக்கிறார். கடைசியாக வெப்பம். நீர் 30 டிகிரியைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை உதறி வெளுத்துவிடும். நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறி ஒன்று காற்று வீசினால் இரண்டு மூன்று டிகிரி தணியும். ஆவியாகும் நீருக்குச் சுண்ணாம்புத் தெளிநீர் விடவும் இடம் உண்டாகும்.

ஆக, சிங்கப்பூர் அன்பருக்கு நம் பதில்: சோதனைச் சரக்கு, நல்ல கடலுப்பு, தூய சுண்ணாம்பு, ஆப்பச் சோடா, கால்ஷியம் குளோரைடு, பேதி உப்பு. இவ்வளவே. மற்றப் புட்டிகள் கடையிலேயே அழகாக இருக்கட்டும். பவளத்துக்குச் சேர்க்க வேண்டியவை சில. சேராமல் காக்க வேண்டியவையே பல.

இப்போது கூடத்திலிருந்து கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் நூற்றுக்கு மேற்பட்ட பவள இனங்கள் இருப்பதாக ஆராய்ச்சியாளர் எண்ணியிருக்கிறார்கள். அந்தப் பெருந்தொட்டிக்குச் சுண்ணாம்பு ஊற்றுகிறவர் யார்? உலகத்து ஆறுகள்தாம். மழைநீர் பாறையைக் கரைத்து எடுத்து வரும் கால்ஷியமும் காரமும் யுகயுகமாகக் கடலில் சேர்ந்ததே பவளத்தின் சோறு. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, நெல்லையையும் ஸ்ரீவைகுண்டத்தையும் கடந்து, புன்னைக்காயலருகே கடலில் கலக்கும் நம் தாமிரபரணியும் அந்தத் தருமத்தில் தன் பங்கைச் செலுத்தி வருகிறது. விலை கேட்பதில்லை, புட்டியில் சீட்டு ஒட்டுவதும் இல்லை.

ஆனால் வழியில் நாம் அதனுள் எதை ஊற்றுகிறோம்? நகரத்துச் சாக்கடை ஆற்றில் கலப்பதைப் பற்றி நீதிமன்றம் வரையில் வழக்குப் போயிருக்கிறது. சாக்கடையோடு சேர்ந்து போவது பாஸ்பேட்டும் அழுக்கும். கூடத்துத் தொட்டியில் ஒரு சிட்டிகை இரை மிகுந்தால் பதறுகிற நாம், ஆற்றங்கரையில் நின்று அதையே ஆயிரங்குடமாக ஊற்றிக் கொண்டிருக்கிறோம். ஏற்கெனவே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடைகளில் கடல் காய்ந்து பவளம் பெருவாரியாக வெளுத்தது. வெப்பத்தை நெல்லையில் உட்கார்ந்து தணிக்க நம்மால் இயலாது. அழுக்கைத் தடுக்க இயலும். அழுக்கற்ற நீரில் வெளுத்த பவளம் பிழைத்தெழுவதற்கு நம்பிக்கை அதிகம்.

பிழைக்க வைக்கும் முயற்சியும் நடைபெறாமல் இல்லை. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் உடைந்த பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள். கரைந்து கொண்டிருந்த வான் தீவைச் சுற்றி 2015 முதல் துளையிட்ட கான்கிரீட்டுக் கட்டிகளை இறக்கி அலையின் வேகத்தைத் தடுத்திருக்கிறார்கள். சிமெண்டுக்கும் மூலம் சுண்ணாம்புக் கல்லே. சூளையில் இட்டு நீற்றிய சுண்ணாம்பை இப்படிக் கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்பிச் செலுத்துகிறோம். அசலே இன்னும் அடையவில்லை. வட்டியைப் பற்றிப் பேச இது சமயமன்று.

தூத்துக்குடியோ நெல்லையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்த் தூரந்தான். பவளம் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் உள்ள வீட்டார் தொட்டி வாங்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியைப் பயணத்துக்கு ஒதுக்கி, மண்டபத்துக் கடல் மீன்வள நிலையத்தின் காட்சிசாலைக்கு ஒருமுறை அழைத்துச் செல்லலாம். திரும்பி வந்ததும் வீட்டுச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று அந்தப் பிள்ளைகளைக் கொண்டே விசாரிக்கச் சொல்லலாம். நகரசபையாருக்கு விண்ணப்பம் எழுதும் தபாற்செலவு, எந்தப் புட்டியின் விலையையும்விடக் குறைவு.